வலது ரிம் மழையைத் தாண்டிவிட்டது

என் டிராக்டரின் வலது பின்சக்கர ரிம்முக்குப் போன பிப்ரவரியில் துருவை நீக்கிப் பிரைமர் (பெயிண்டுக்கு அடியில் போகும் அடிப்பூச்சு) அடித்தேன்; அது இரண்டு பருவமழையையும் தாங்கி நிற்கிறது. பஞ்சர் பார்க்க டயரைக் கழற்றியதும் டியூபைக்கூடப் பார்க்கவில்லை, நேராக, முன்பு அரித்துப்போயிருந்த வால்வு ஓட்டையைத்தான் பார்த்தேன். விளிம்பைச் சுற்றிச் சாம்பல் நிறப் பிரைமர் அடித்தபடியே இருக்கிறது. டயரின் பீடு, அதாவது அதன் தடித்த விளிம்பு, உட்காரும் இடத்தில் ரப்பர் உரசிய பளபளப்பு, அவ்வளவுதான். கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழைதான் பலம். அந்தச் சேற்றில் கேரட் மூட்டை ஏற்றிய டிரெய்லரை இழுத்த வண்டிக்கு இது பெரிய விஷயம். சந்தோஷமாகவே சொல்கிறேன்.

வண்டி பழைய மாஸி 1035, பின்னால் 12.4-28 டயர். முன்பு எடைக்காக டயருக்குள் தண்ணீர் நிரப்பியிருந்தார்கள். பின்சக்கர ரிம் உள்ளிருந்து அழுகுவதற்குப் பாதிக் காரணம் அதுதான். டியூபில் ஊசித்துளை விழுந்தாலோ வால்வு தளர்ந்தாலோ, டியூபுக்கும் ரிம்முக்கும் நடுவில் தண்ணீர் இறங்கி அங்கேயே தங்கிவிடும். வெளியே பெயிண்ட் நன்றாக இருக்கும். உள்ளே இரும்பு ஏடு ஏடாக உரியும். மீதிப் பாதிக்கு உரம் பொறுப்பு. பொட்டாஷ் என்று நாம் போடுவது குளோரைடு உப்பு. அது கலந்த சேறு, சக்கரத்தின் நடுத்தட்டான டிஸ்க்கும் ரிம்மும் சேரும் மூலையில் ஒட்டிக் காய்ந்தால் மழையே இல்லாமல் பனி ஈரத்திலேயே அரிக்கும். இப்போது தண்ணீரை இறக்கிவிட்டு இரும்பு வெயிட் மாட்டியிருக்கிறேன். சேறு காய்வதற்குள் மூலைகளைக் கழுவியும் விடுகிறேன்.

சின்னச் சுத்தியலால் ரிம்மைச் சுற்றித் தட்டிக்கொண்டே வந்தால், நல்ல இரும்பு கணீரென்று சொல்லும், அரித்த இடம் மொத்தென்று சொல்லும். வலது ரிம்மில் அன்று வால்வு ஓட்டையைச் சுற்றி உள்ளங்கையளவு மொத்தென்றுதான் கேட்டது. “மாத்திடுங்க சார், இது தேறாது” என்றார் பட்டறை அண்ணன். எனக்கு மனசு வரவில்லை. அந்தத் துண்டை வெட்டி எடுத்து, அதே கனத்தில் தகடு வளைத்து, இரண்டு பக்கமும் வெல்டு வைத்து, ஓட்டையைப் புதிதாகப் போட்டுக் கொடுத்தார். டியூப் படும் பக்கம் வெல்டு மேடு விரலுக்குத் தட்டாத அளவுக்கு கிரைண்டரால் இழைக்க வேண்டும். டயர் மாட்டிய ரிம்மில், காற்றை இறக்கியிருந்தாலும், வெல்டிங் வைக்கவே கூடாது, வெடிக்கும்.

இதெல்லாம் எந்த ஊரிலும் செய்கிற வேலை. மலையில் ஆளைச் சோதிப்பது, சுத்தமான இரும்பு வெளியே தெரிந்த பிறகு பிரைமர் விழும் வரையிலான இடைவெளிதான். கிரைண்டரில் கம்பி கப் பிரஷ் ஓட்டி முடித்து டீ குடித்துவிட்டு வந்தால் போதும், மூடுபனி ஏறிவந்து, சாம்பல் நிற இரும்பின் மேல் மஞ்சள் தூவியதுபோல் மெல்லிய துரு படர்ந்திருக்கும். விரலால் தொட்டால் காவியாக ஒட்டும். அதன் மேல் எவ்வளவு விலையுள்ள பிரைமரை அடித்தாலும் வீண். அடுத்த மழைக்குள் கொப்புளம் போட்டுத் தூக்கிவிடும்.

இரும்பு கனமாக இருப்பதால் காற்றைவிட மெதுவாகத்தான் சூடேறும். காலையில் வெயில் வந்தாலும் ரிம் இரவுக் குளிரிலேயே இருக்கும். ஈரம் அதில் வந்து படியும். காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியும் வெப்பநிலையைவிட உலோகம் 3 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்பது பெயிண்ட் வேலையில் பொது விதி. காற்று 16 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம் என்றால் அந்த எல்லை ஏறக்குறைய 13.5. அதாவது ரிம் 16.5-க்கு மேல் இருந்தாக வேண்டும். ஈரப்பதம் 85-ஐத் தாண்டினால் நான் பிரஷ்ஷையே தொடுவதில்லை. ஈரப்பத மீட்டர் இல்லாதவர்கள் ஈரத்துணியால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கால் மணி நேரத்தில் அது காயவில்லை என்றால் அன்றைக்கு வேண்டாம்.

நான் செய்வது இதுதான்: ரிம்மைச் செங்கல் மேல் தூக்கி வைத்து, அடியில் ஹாலஜன் விளக்கைப் போட்டு, மேலே தார்ப்பாயால் கூடாரம். தொட்டால் வெதுவெதுப்பு தெரிந்த பிறகு கடைசி முறை கம்பி பிரஷ் ஓட்டி, தின்னர் துணியால் துடைத்து, உடனே பிரைமர். வால்வு ஓட்டை, வெல்டு ஓரம், மூலைகளுக்கு முதலில் பிரஷ்ஷால் தனியாக ஒரு கோட். அப்புறம்தான் மொத்த ரிம்முக்கும். விளக்கை இரவு முழுக்க அணைப்பதில்லை. நான் அடிக்கும் பிரைமர் எபாக்சி வகை; சாதாரண எபாக்சி 10 டிகிரிக்குக் கீழே இறுகத் திணறும். இங்கே ஜனவரி இரவு அதற்கும் கீழே போகும்.

பிரைமர் என்றதும் ஒரு குறை சொல்ல வேண்டும். பக்கத்து டவுன் கடையில் வாங்கிய ரெட் ஆக்சைடு பிரைமர் டப்பாவில் பாதி தின்னர்தான் இருந்தது. கடைக்காரர் கேட்காமலேயே கலந்து வைத்திருக்கிறார். அன்றிலிருந்து, துருவைத் தடுக்கும் ஜிங்க் பாஸ்பேட் கலந்த, இரண்டு டப்பாவாக வந்து கலந்து அடிக்கும் எபாக்சியைக் கோவைக்குப் போகும்போது வாங்கி வருகிறேன். தயாரித்த தேதியைப் பார்த்து, டப்பாவைக் குலுக்கிப் பார்த்து வாங்குங்கள்.

இடது ரிம் இப்போது கையில். அரிப்பு ஆழமில்லை, ஆனால் குழிக்குழியாக இருக்கிறது; பிரஷ் உள்ளே போகாது. அதற்கு சலவை சோடாவும் பேட்டரி சார்ஜரும்: சோடா கரைத்த தண்ணீரில் ரிம்மை மூழ்கவைத்து, மின்சாரம் செலுத்தித் துருவை எடுப்பது. 200 லிட்டர் டிரம்மில் 28 அங்குல ரிம் இறங்காது என்பதால் செங்கல் அடுக்கித் தார்ப்பாய் விரித்துத் தொட்டி கட்டியிருக்கிறேன். ரிம்முக்கு நெகட்டிவ், சுற்றிலும் பழைய இரும்புத் துண்டுகளுக்கு பாசிட்டிவ். எவர்சில்வர் துண்டு போடாதீர்கள். குரோமிய நஞ்சு தண்ணீரில் இறங்கும். ஹைட்ரஜன் வாயு வரும், திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும்.

முன்சக்கர ரிம்களுக்குக் கடுக்காய்க் கசாயம் வைத்துப் பார்க்க ஆசை. கடுக்காயின் துவர்ப்புச் சத்தான டானின் இரும்போடு சேர்ந்து கறுப்பாகும் என்பது சாயத் தொழிலில் பழைய சங்கதி. கடையில் விற்கும் துருமாற்றிகள் பலவும் அதே டானின்தான். எபாக்சி அதன் மேல் பிடிக்கிறதா என்று முதலில் ஒரு தகட்டில் பார்த்துவிடுகிறேன். ஆனால் இடது ரிம் தொட்டியிலிருந்து வெளியே வரவேண்டும், மூடுபனி இல்லாத ஒரு மதியம் கிடைக்க வேண்டும். அதுவரை கடுக்காய் காத்திருக்கட்டும்.