பென்சிலை நீட்டினாலும் கை வாங்கிவிடுகிறது

பள்ளி ஆலோசகராக இருக்கும் எனக்கு ஜூன் 26 நெருங்கினாலே வேலை கூடிவிடும். போதைப்பொருள் ஒழிப்பு நாள். உறுதிமொழி, ஓவியப் போட்டி, கறுத்துப்போன நுரையீரல் படம் எல்லாம் உண்டு. நடக்கட்டும், நல்லதுதான். ஆனால் என்னிடம் தனியாக வந்து பேசும் பிள்ளைகளில் சிகரெட் கெடுதல் என்று தெரியாதவர் யாருமில்லை. உள்ளே இழுத்த சில விநாடிகளில் நிக்கோடின் மூளையைத் தொட்டுவிடும் என்று எனக்கே விளக்குகிறார்கள். நாலு பேர் பார்த்துக்கொண்டு நிற்கும்போது வேண்டாம் என்று எப்படிச் சொல்வது, சொன்ன பிறகும் அதே கூட்டத்தில் எப்படி இருப்பது என்பதுதான் அவர்களுக்குத் தெரியவில்லை.

வற்புறுத்தல் என்றதும் பெரியவர்கள் ஒரு முரட்டுப் பையனைக் கற்பனை செய்கிறார்கள். பிள்ளைகள் சொல்லும் கதைகளில் அப்படி யாரும் வருவதில்லை. நீட்டுபவன் நெருங்கிய நண்பன். "சும்மா ஒரு இழுப்புடா", "கம்பெனி மட்டும் குடு", மறுத்தால் "பழமாடா நீ?" அவ்வளவுதான். பல நேரம் அந்தப் பேச்சுகூட இல்லை. எல்லோர் கையிலும் கோப்பை இருக்கிறது, தன் கை மட்டும் சும்மா இருக்கிறது. அதுவே போதும்.

அமெரிக்காவில் 1983இல் தொடங்கிய 'டேர்' திட்டத்தில் காவலர்கள் வகுப்புக்கே வந்து போதையைப் பற்றிப் பாடம் எடுத்தார்கள். பின்னால் வந்த ஆய்வுகளில், அதைக் கேட்ட பிள்ளைகளுக்கும் கேட்காதவர்களுக்கும் பழக்கத்தில் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை. எனக்கு இதில் ஆச்சரியமில்லை. நீச்சலைப் பாடமாக நடத்தினால் யாருக்கும் நீந்த வராது.

அதனால் நான் பேச்சைக் குறைத்துவிட்டு ஒத்திகை வைக்கிறேன். பெஞ்சுகளை ஓரம் தள்ளிவிட்டு, ஒருவன் பென்சிலைச் சிகரெட்டாக நீட்ட, மற்றவன் மறுக்க வேண்டும். முதலில் ஒரே சிரிப்பு. அப்புறம் ஒன்று நடக்கும். பென்சிலை முகத்துக்கு நேரே நீட்டியதும், வாய் "வேணாம்டா" என்று சொல்ல ஆரம்பிக்கும்போதே கை போய் அதை வாங்கிவிடும். வாங்கிய கையைத் தானே பார்த்துவிட்டு அந்தப் பையன் அமைதியாகிவிடுவான். நட்பாக நீட்டியதை வாங்கித்தான் நமக்குப் பழக்கம். கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொள், குட்டியாக ஒரு வாக்கியம் சொல், உடனே பேச்சை மாற்று என்று திரும்பத் திரும்பச் செய்ய வைப்பேன். "இல்லடா, எனக்கு வேணாம். சரி, நாளைக்கு மேட்ச் எத்தனை மணிக்கு?" காரணம் சொல்ல ஆரம்பித்தால் போச்சு. ஒவ்வொரு காரணத்துக்கும் எதிரில் இருப்பவனிடம் ஒரு பதில் தயாராக இருக்கும்.

இன்னொன்றும் சொல்லிக்கொடுக்கிறேன்: கூட்டத்தில் ஒரு துணையைப் பிடித்துக்கொள். 1950களில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் கோடுகளின் நீளத்தைக் கேட்டு ஒரு சோதனை செய்தார். மற்ற எல்லோரும் பேசிவைத்து ஒரே தப்பான பதிலைச் சொன்னால், விஷயம் தெரியாத ஒருவரும் பல முறை அதையே சொன்னார். மற்றவர்களில் ஒரே ஒருவர் சரியான பதிலைச் சொன்னபோது அப்படி ஒத்துப்போவது வெகுவாகக் குறைந்தது. போவதற்கு முன்பே இரண்டு பேர் பேசிவைத்துக்கொண்டால் போதும் என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் எனக்குத் தெரியாது. "நானும் வேணாம்னு சொல்லலாம்னுதான் இருந்தேன்" என்று மூன்றாமவன் சேர்ந்துகொள்வதையும் பிள்ளைகள் வந்து சொல்லியிருக்கிறார்கள்.

பெற்றோரிடம் நான் கேட்பது ஒரு ஏற்பாடு மட்டும். அப்படி ஒரு கூட்டத்தில் மாட்டிக்கொண்ட பிள்ளை, முன்பே பேசிவைத்த ரகசியக் குறிப்பாக "மாத்திரை போட்டீங்களா?" என்று செய்தி அனுப்பினால், நீங்கள் உடனே போன் செய்து "கிளம்பி வா, அவசரம்" என்று அதட்ட வேண்டும். பழி உங்கள் மேல் விழட்டும், பிள்ளையின் மானம் தப்பும். அப்படியானால் அங்கே போக நாங்களே அனுமதி கொடுத்த மாதிரி ஆகிவிடாதா என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கவலைதான். அதை மறுநாள் உட்கார்ந்து பேசுங்கள், கோபத்தையும் காட்டுங்கள். ஆனால் அன்றிரவு கூட்டி வரும் வழியில் கேள்வி எதுவும் வேண்டாம். அந்த வழியில் திட்டு வாங்கிய பிள்ளை இரண்டாவது முறை அந்தச் செய்தியை அனுப்புவதில்லை.