உன் கட்டில் அப்படியே இருக்கும்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று சாயங்காலம் கொல்லையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். மகள் பக்கத்தில் வந்து குந்தினாள். என் கையிலிருந்த தேங்காய் நாரை வாங்கிக்கொண்டு, "அம்மா, நான் மடத்துல சேர்ந்து சிஸ்டராப் போகட்டுமா?" என்றாள்.

எனக்கு முதலில் ஞாபகம் வந்தது என் அண்ணனின் டிரங்குப் பெட்டி.

எங்கள் ஊர் வேளாங்கண்ணிப் பக்கம். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்குக் காவி உடுத்தி நடந்துபோகிறவர்களுக்கு மோர் கொடுத்தே வளர்ந்தவள் நான். அண்ணன் குழந்தையாக இருந்தபோது காய்ச்சலில் பிழைத்தால் சாமியாருக்கு விடுவதாக அம்மா மாதாவிடம் நேர்ந்துகொண்டாள். விட்டாள். ஒன்றரை வருடத்தில் அண்ணன் சாமியாருக்குப் படிக்கிற குருமடத்திலிருந்து திரும்பி வந்து நின்றான். அம்மா அந்தப் பெட்டியை வீட்டுக்குள் எடுக்கவில்லை. மூன்று நாள் திண்ணையிலேயே கிடந்தது. "ஓடி வந்துட்டான்" என்று ஊர் பேசியது. இன்றைக்கும் பூசையில் அவன் கடைசித் தூணுக்குப் பின்னால்தான் நிற்பான்.

அதனால் என் பிள்ளைகள் யாரையும் நான் நேர்ந்துகொள்ளவில்லை. இறையழைத்தலுக்காக, கடவுளே அவர்களைக் கூப்பிடட்டும் என்று வேண்டிக்கொண்டேன், அது வேறு.

மகளுக்கு அந்த ஆசை எங்கே விழுந்தது என்று எனக்குத் தெரியும். 2018 நவம்பர் 16, கஜா புயல். அவளுக்குப் பத்து வயது. தென்னை எல்லாம் சாய்ந்து, ஓடு பறந்து, பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தோம். சிஸ்டர் ஒருவர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஆள் உயர துடுப்பால் அண்டாவில் சோறு கிளறினார். இவள் புகைக்குள்ளேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "அவங்களுக்கு வீடு இல்லையாம்மா?" என்று கேட்டாள். "இதுதான் அவங்க வீடு" என்றேன்.

அதற்குப் பிறகு மடத்து சிஸ்டர்களை வருடத்தில் இரண்டு மூன்று தடவை சாப்பிடக் கூப்பிட்டோம். மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு அவர்கள் வயிறு குலுங்கச் சிரிப்பதைப் பிள்ளைகள் பார்த்தார்கள். எந்தப் பிரசங்கத்தையும்விட அது உதவியது என்றே நினைக்கிறேன். இன்னொன்று, என் வீட்டுக்காரர் சாப்பிடும்போது பங்குக் கோயில் கணக்கு வழக்கை வைத்துச் சாமியாரைத் திட்டுவார். "நியாயமாவே இருக்கட்டும், பிள்ளைங்க முன்னாடி வேண்டாம், நேரா அவர்கிட்டயே போய்ப் பேசுங்க" என்றேன். தினமும் திட்டு வாங்குகிற வாழ்க்கைக்கு எந்தப் பிள்ளை ஆசைப்படும்?

சரி, ஒரே பெண். வீட்டுக்காரர் இரண்டு நாள் பேசவில்லை. பங்குத்தந்தை அவருக்குக் பிரான்ஸ் நாட்டுக் கன்னியான புனித குழந்தை இயேசுவின் தெரசாளின் பெற்றோரைப் பற்றிச் சொன்னார். லூயி, செலி, 2015இல் புனிதர் பட்டம் பெற்ற தம்பதி. அவர்களுடைய ஐந்து பெண்களும் கன்னியர்கள். "அந்த அப்பாவும் அழுதிருப்பார்ல, ஃபாதர்" என்று மட்டும் கேட்டார் இவர்.

நான் மடத்தில் போய் எல்லாம் விசாரித்தேன். பதினேழு வயது முடியாமல் நவதுறவகத்தில், அதாவது துறவறப் பயிற்சியில், சேர்க்க முடியாது. அதற்குப் பிறகு கொடுக்கிற முதல் வார்த்தைப்பாடும், துறவற வாக்குறுதியும், தற்காலிகம்தான், குறைந்தது மூன்று வருடம். திருச்சபையே இவ்வளவு நிதானமாக இருக்கும்போது பெற்றவளுக்கு என்ன அவசரம்?

கிளம்புகிற அன்று தலை பின்னிவிடும்போது சொன்னேன்: "பிடிக்கலைன்னா எந்த ராத்திரியும் போன் பண்ணு. அப்பா வந்து கூட்டிட்டு வருவார். உன் கட்டில் அப்படியே இருக்கும்."

அண்ணன் திருப்பூரிலிருந்து லீவு போட்டு வந்திருந்தான். யாரையும் தொடவிடாமல் அவள் பெட்டியைத் தன் தலையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் முன்னால் நடந்தான்.