ஏப்ரலுக்கு முன்னால் கந்தப்பளைக்கு வாருங்கள்

ஏப்ரலில் நுவரெலியா நிரம்பி வழியும். பூ பார்க்க, குதிரைப் பந்தயம் பார்க்க, குளிரில் நின்று சோளம் தின்ன. வலசை வந்த பறவைகளோ அதற்குள் கிளம்பத் தொடங்கியிருக்கும். எனக்கு அவை கிளம்பும் மார்ச் மாதம்தான் பிடிக்கும்.

பறவை பார்க்க வருகிறவர்கள் விக்டோரியா பூங்காவுக்குப் போவார்கள், இல்லாவிட்டால் ஹோர்டன் சமவெளிக்கு. சரி, அதில் தப்பில்லை. காஷ்மீர் ஈப்பிடிப்பானை அந்தப் பூங்காவில் பார்க்கலாம். கோடையில் காஷ்மீர்ப் பக்கத்து மலைகளில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர் காலத்தை நம் மலையிலும் நீலகிரியிலும் கழிக்கிற சின்னக் குருவி அது. ஆணுக்குத் தொண்டையும் மார்பும் செம்மஞ்சள், ஓரத்தில் கறுப்புக் கோடு. எண்ணிக்கை குறைந்துவரும் இனம். ஆனால் நுவரெலியாவுக்குப் பக்கத்திலிருக்கும் கந்தப்பளை மரக்கறித் தோட்டங்களை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. லீக்ஸ் பாத்தி, கரட் பாத்தி, நடுவில் தண்ணீர்க் கான், மேலே தேயிலை. ஒளிய இடம் குறைவு என்பதால் பறவையைத் தேடிக் கழுத்து வலிக்காது.

போன சனிக்கிழமை விடியற்காலை சித்தப்பா தோட்டத்துக்குக் கிளம்பினார், நானும் பைனோகுலரோடு ஒட்டிக்கொண்டேன். கம்பியில் நீலவால் பஞ்சுருட்டான்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. வேலிக் கம்பத்தில் ஒரு பழுப்புக் கீச்சான்; மங்கோலியா, சைபீரியா பக்கம் போக வேண்டியது, அவசரமே இல்லாமல் வெட்டுக்கிளியைக் கிழித்துக்கொண்டிருந்தது. தகைவிலான்கள் பாத்திக்கு மேலே தாழப் பறந்தன.

நான் அதிக நேரம் நின்றது கரட் கழுவும் இடத்தில். அங்கே சாம்பல் வாலாட்டி இருந்தது. முதுகு சாம்பல், அடிவயிறு மஞ்சள், வால் மேலும் கீழும் ஓயாமல் ஆடும். (காட்டு வாலாட்டி என்று இன்னொன்று உண்டு, அது வாலைப் பக்கவாட்டில் ஆட்டும். தூரத்திலிருந்தே பிரித்துச் சொல்ல இது போதும்.) குளிர் காலம் முழுக்க வெள்ளையாக இருந்த ஆணின் தொண்டையில் இப்போது கறுப்பு திட்டுத் திட்டாக ஏறியிருந்தது. ஊருக்குப் போய் ஜோடி தேட வேண்டுமே! அதற்கு முன்னால் உடம்பில் கொழுப்பையும் சேர்க்க வேண்டும். சேற்றுப் பூச்சியை விடாமல் கொத்திக்கொண்டே இருந்தது அதனால்தான்.

சித்தப்பா மருந்து டாங்கியைத் தோளில் மாட்டினார்.

"சித்தப்பா, மருந்தடிச்சா பூச்சி செத்துரும். அப்புறம் இதுக்கு என்ன சாப்பாடு?"

"அடிக்காட்டி எனக்கு என்ன சாப்பாடு, புள்ள?"

உருளைக்கிழங்குக்கு அவர் எவ்வளவு கடன் வாங்கியிருக்கிறார் என்று எனக்குத் தெரியும். பேசாமல் இருந்தேன். கான் ஓரத்தில் மட்டும் அவர் அடிப்பதில்லை. பறவைக்காக இல்லை, அந்தத் தண்ணீர் கீழே தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போகிறது. எப்படியோ, வாலாட்டி அந்த ஓரத்திலேயே இரை தேடுகிறது.

திரும்பும்போது தேயிலை மலைக்குக் கீழே புதருக்குள் ஆறுமணிக்குருவி கூப்பிட்டது. பெயருக்கு ஏற்றபடி விடியலிலும் அந்தியிலும்தான் கத்தும் என்பார்கள், அன்று மணி எட்டைத் தாண்டியும் கேட்டது. இரவில் பயணம் செய்கிற பறவை. ஒக்டோபரில் வந்து சேரும்போது களைத்துப்போய் வீட்டுக்குள்ளேயே புகுந்துவிடுவதுண்டு. ஆனால் போகும்போது சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குக் கடல் சுமார் 30 கிலோமீட்டர்தான். அதற்கப்புறம் இமயமலை அடிவாரம் வரைக்கும் நிலம் கிடக்கிறது.

வருவதானால் வெயில் ஏறுவதற்கு முன் வாருங்கள், ஸ்வெட்டரும் மழைக்கோட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரப்பில் மட்டும் நடங்கள். நாற்றுப் பாத்தியில் கால் வைத்தால் சித்தப்பா போடுகிற சத்தத்தில் இருக்கிற பறவையும் அன்றைக்கே வடக்கே கிளம்பிவிடும்.