ஐந்தாம் ரவுண்டில் ஒரு வெறி

நேற்று ராத்திரி எங்கள் ஃபேண்டஸி ஃபுட்பால் டிராஃப்ட். அமெரிக்க ஃபுட்பால் ஆட்டக்காரர்களை முறை வைத்து நம்ம டீமுக்கு எடுத்துக்கொண்டு, நிஜ ஆட்டத்தில் அவர்கள் ஆடுவதை வைத்துப் பாயிண்ட் எண்ணுகிற விளையாட்டு. ஐந்தாவது ரவுண்டு வரைக்கும் மரியாதையாகத்தான் போய்க்கொண்டிருந்தது. 12 டீம், ஹாஃப் பிபிஆர் (பிடிக்கிற ஒவ்வொரு பந்துக்கும் அரை பாயிண்ட்), ஓர் ஆளை எடுக்க 90 விநாடி. மச்சான் முறை வந்ததும் கடிகாரம் கடைசி விநாடிகளைத் தொடும்வரை பேச்சே இல்லை. அப்புறம், பதினோராவது ரவுண்டிலும் யாரும் சீந்தாத ஒரு ரிசீவரை, அதாவது எறிகிற பந்தைப் பிடிக்கிற ஆளைத் தூக்கிப் போட்டுவிட்டு, "இந்த வருஷம் பையன் வெறில இருக்கான் மாமா" என்றான்.

ஆதாரம் ஒரு வீடியோ. விடியற்காலை இருட்டு, மண் மேடு, இடுப்பில் கயிறு, கயிற்றில் டயர். பையன் இழுத்துக்கொண்டு மேலே ஓடுகிறான். உச்சிக்குப் போனதும் கேமராவைப் பார்த்து ஒரு முறைப்பு. அந்த முறைப்புக்குத்தான் ஐந்தாவது ரவுண்டு.

நிஜ ஆட்டம் நடக்கிற லீக்கான என்எஃப்எல்லில் 32 டீம். பயிற்சி கேம்ப் தொடங்கும்போது டீமுக்குச் சுமார் 90 பேர். அத்தனை பேரும் ஆகஸ்ட்டில் டயர் இழுக்கிறார்கள், அத்தனை பேரும் "உடம்பு இப்ப மாதிரி என்னைக்குமே இருந்ததில்ல" என்று பேட்டி கொடுக்கிறார்கள். சீசன் தொடங்கும்போது 53 பேர்தான் மிச்சம். வெட்டப்பட்டவர்களுக்கு வெறி குறைச்சலா என்ன? வயிற்றுப்பாடு, அவர்களுக்குத்தான் அதிகம்.

டிராஃப்ட் முழுக்க உருப்படியான கேள்வி ஒன்றே ஒன்றுதான் வந்தது. அதையும் கேட்டது ஊரிலிருந்து வந்திருக்கும் அத்தை. பூண்டு உரித்துக்கொண்டே, "அந்தப் பையனுக்கு என்ன சம்பளம்? பெர்மனென்ட்டா, கான்ட்ராக்ட்டா?" என்றார். மாப்பிள்ளை பார்க்கும்போது கேட்கிற அதே தொனி. எனக்கும் இதே கேள்வி வந்திருக்கிறது, அது இப்போது வேண்டாம்.

வெறியை அளக்க ஆரம்பிக்க வேண்டிய இடம் அதுதான். கான்ட்ராக்ட்டின் கடைசி வருஷமா, அடுத்த வருஷக் காசு இந்த வருஷ ஆட்டத்தில் தொங்குகிறதா? மச்சான் உடனே, ரெய்டர்ஸ் டீமுக்காகப் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடிய ஜாஷ் ஜேக்கப்ஸை இழுத்தான். இழுக்க வேண்டிய பெயர்தான். என்எஃப்எல்லின் சொந்த டிராஃப்டில் முதல் ரவுண்டில் எடுத்த ஆளின் நாலு வருஷக் கான்ட்ராக்ட்டை ஐந்தாவது வருஷத்துக்கு நீட்டிக்க டீமுக்கு உரிமை உண்டு. 2022 சீசனுக்கு முன்னால் ரெய்டர்ஸ் அதை வேண்டாம் என்று விட்டுவிட்டது. போதாததற்கு, ஆகஸ்ட்டில் ஒன்றுக்கும் உதவாத ஹால் ஆஃப் ஃபேம் காட்சி ஆட்டத்தில் அவரை இறக்கி ஓடவிட்டார்கள். ஆளை விற்கப்போகிறார்கள் என்று ஊரே முடிவு கட்டியது. அந்த வருஷம் அவர் ஓடியது 1,653 யார்டு, லீக்கிலேயே முதல் இடம்.

"பாத்தீங்களா மாமா!"

பார்த்தேன். அதற்கு முந்தின வருஷம் அவருக்குப் பந்து கிடைத்தது 217 தடவை. 2022இல் 340. புதுக் கோச் வந்தார், கூட ஓடிக்கொண்டிருந்த கென்யன் டிரேக்கை ஆகஸ்ட்டிலேயே கழற்றிவிட்டார்கள், சுமை மொத்தமும் ஜேக்கப்ஸ் தோளுக்கு வந்தது. தடவைக்கு 4 யார்டாக இருந்தது கிட்டத்தட்ட 4.9 ஆனது உண்மை. அந்த 0.9ஐ வேண்டுமானால் வெறி என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதே 4.9 வேகத்தில் பழைய 217 தடவை மட்டும் ஓடியிருந்தால் 1,055 யார்டுதான். மிச்சம் அறுநூறைக் கொடுத்தது கோச்.

அடுத்த வருஷக் கதையை மச்சான் சொல்லவில்லை. நீண்டகாலக் கான்ட்ராக்ட் கிடைக்காமல் டேக் போட்டு ஒரு வருஷத்துக்குப் பிடித்து வைத்தார்கள். மனுஷன் கேம்ப் பக்கமே வராமல் ஆகஸ்ட் கடைசியில்தான் கையெழுத்துப் போட்டார். 13 ஆட்டம், 805 யார்டு, தடவைக்கு 3.5. கோபமும் ஒரு வெறிதானே, அது ஏன் ஓடவில்லை என்று கேட்டதற்கு, "நெட் சரியில்ல மாமா, கேக்கல" என்றான்.

காசு எதற்கு வைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் படிக்க வேண்டும். 2017இல் சீஹாக்ஸ் டீம், பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற எடி லேசிக்கு எடை குறைத்தால் தடவைக்கு 55,000 டாலர் என்று எழுதிக்கொடுத்தது. முதல் தடவை 255 பவுண்டைத் தாண்டக்கூடாது. தராசில் ஏறினார், 253. பணம் வந்தது. அந்த சீசன் முழுக்க அவர் ஓடியது 179 யார்டு. எடையோடு சேர்ந்து யார்டும் இளைத்துவிட்டது.

உண்மையான வெறி எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டால் டெட்ராய்ட் லயன்ஸின் அமோன்-ரா செயின்ட் பிரவுனைப் பார்க்கணும். 2021 என்எஃப்எல் டிராஃப்டில் 112ஆவது ஆளாகப் போனார். அவருக்கு முன்னால் எடுக்கப்பட்ட ரிசீவர்கள் 16 பேர். அந்தப் பதினாறு பேரையும் வரிசை மாறாமல், கல்லூரிப் பெயரோடு ஒப்பிப்பார். பயிற்சி முடிந்து எல்லோரும் குளிக்கப் போனபிறகு மெஷின் முன்னால் நின்று 202 பந்து பிடிப்பார். 200 இல்லை, 202. டயர் இழுக்கிற பையனெல்லாம் இவர் கால் தூசிக்கு வரமாட்டான்.

ஆனாலும் அந்த முதல் சீசனின் முதல் 11 ஆட்டத்தில் என்ன ஆனது? 39 கேட்ச், 352 யார்டு, டச்டவுன் (எதிராளி எல்லைக்குள் பந்தைக் கொண்டுசேர்ப்பது) ஒன்றுகூட இல்லை. நம்ம கணக்கில் ஆட்டத்துக்கு 5 பாயிண்ட். பந்தை உதைக்க மட்டும் வருகிற கிக்கரே அதைவிட அதிகம் கொடுப்பார். அப்புறம் கூட ஆடிய ஸ்விஃப்ட்டுக்குத் தோள்பட்டை போயிற்று, அடுத்த ஆட்டத்தில் ஹாக்கன்சனுக்குக் கட்டைவிரல். அவர்களுக்குப் போய்க்கொண்டிருந்த பந்தெல்லாம் இவர் பக்கம் திரும்பியது. கடைசி 6 ஆட்டத்தில் 51 கேட்ச், 560 யார்டு, 5 டச்டவுன். ஆட்டத்துக்கு 18க்கு மேல். வெறி ஏப்ரலிலிருந்தே இருந்தது, பந்து வந்தது டிசம்பரில்.

டிராஃப்டில் உட்காருகிற ஆள் அந்த டிசம்பரைத்தான் ஆகஸ்ட்டிலேயே மோப்பம் பிடிக்கணும். போன வருஷம் யாரெல்லாம் டீமைவிட்டுப் போனார்கள், அவர்கள் பக்கம் வீசப்பட்ட பந்து எத்தனை, அது இப்போது யாருக்கு? காட்சி ஆட்டங்களில், பந்தை எறிகிற முதல் குவார்ட்டர்பேக் களத்தில் இருக்கும்போது நம்ம ஆளும் இருக்கிறாரா, இல்லை அவர் உட்கார்ந்தபிறகுதான் வருகிறாரா? குவார்ட்டர்பேக் பின்வாங்கி எறியப்போகும் ஒவ்வொரு தடவையும் ரூட் (பந்து பிடிக்கப் போகிற பாதை) ஓட இவரை அனுப்புகிறார்களா? பத்துக்கு எட்டுத் தடவை ஓடினால் சரி. பாதிக்குப் பாதிதான் என்றால் அவர் ஒலிம்பிக் வெறியில் இருந்தாலும் பெஞ்சில் உட்கார்ந்து வெறிப்பார், அவ்வளவுதான். இதெல்லாம் சமமாக இரண்டு பேர் கையில் நின்றால், அப்போது கான்ட்ராக்ட் கடைசி வருஷக்காரரை எடுக்கலாம். வெறிக்கு ஒரு ரவுண்டு ஏற்றிக் கொடுக்கலாம், ஆறு ரவுண்டு கொடுக்கக்கூடாது. மச்சான் ஆளுக்கு முன்னால் அந்த டீமில் இரண்டு ரிசீவர்கள் குத்துக்கல்லாட்டம் நிற்கிறார்கள்.

கோபித்துக்கொண்டு வீட்டில் உட்காருகிற நட்சத்திரம் இருந்தால் அவரை விட்டுவிட்டு, பின்னால் வரிசையில் நிற்கிறவரைப் பிடிப்பது இன்னும் லாபம். 2018இல் லெவியான் பெல் சீசன் முழுக்க வரவில்லை, ஜேம்ஸ் கானர் 12 டச்டவுன் ஓடினார். 2019இல் மெல்வின் கார்டன் முதல் 4 ஆட்டம் முரண்டு பிடித்தார், அந்த சீசனில் ஆஸ்டின் எக்லர் 92 பந்து பிடித்தார். கோபம் ஒருத்தருக்கு, பிரேக்அவுட் இன்னொருத்தருக்கு.

எனக்கு இருக்கிற பெரிய ஆற்றாமை வேறு. வெறி உச்சத்துக்கு வருவதே, பிளேஆஃபுக்கு முந்தின கடைசி வாரமான பதினெட்டாவது வாரத்தில்தான். 2024 சீசனில் பிளேஆஃபுக்கு முந்தின கடைசி ஆட்டம், கடைசி பிளே. பக்கனியர்ஸ் ஜெயித்தாயிற்று, முழங்காலைத் தரையில் ஊன்றிவிட்டு வீட்டுக்குப் போகலாம். மைக் எவன்ஸுக்கு 1,000 யார்டுக்கு இன்னும் 5 பாக்கி, தொட்டால் 30 லட்சம் டாலர். எறிந்தார்கள், 9 யார்டு பிடித்தார், டீமே ஓடிவந்து கட்டிக்கொண்டது. எங்கள் லீக் பதினேழாவது வாரத்தோடு முடிந்துவிட்டதால் அதற்கு எங்கள் கணக்கில் பூஜ்யம். பதினெட்டை சேர்த்துக்கொள்ளச் சொன்னால் கமிஷனரான சகலை, சாக்வன் பார்க்லியைக் காட்டுகிறார். அதே வாரம், 101 யார்டு ஓடியிருந்தால், ஒரே சீசனில் அதிக யார்டு ஓடிய டிக்கர்சனின் 1984 சாதனை உடைந்திருக்கும். ஈகிள்ஸ் ஆளை உட்காரவைத்துவிட்டது. மறுக்க முடியவில்லை.

அத்தை மனசுக்குள்ளேயே டாலரை ரூபாயாக்கி, "அஞ்சு கெஜத்துக்கு இருபத்தஞ்சு கோடியா!" என்று பூண்டைக் கீழே வைத்தார். அடுத்த வருஷம் அத்தையைப் பதிமூன்றாவது டீமாகச் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். ஒற்றைப்படை வந்தால் வாரத்துக்கு ஒரு டீம் ஆட்டமில்லாமல் உட்கார வேண்டியிருக்கும் என்கிறார் சகலை. மச்சான் டீம் எப்படியும் சும்மாதானே உட்காரப்போகிறது.