ஆய்வின்போது நீர் தேங்கவில்லை

உள்ளாட்சி அலுவலகம் ஒன்றில், மழைநீர் வடிகால் பிரிவில், பல வருடம் இளநிலைப் பொறியாளராக இருந்தேன். அந்தக் காலத்தில் அதிகம் எழுதிய வாக்கியம் எது என்று கேட்டால் யோசிக்கவே வேண்டாம்: 'ஆய்வின்போது நீர் தேங்கவில்லை.' புகார்ப் பதிவேட்டின் கடைசிக் கட்டத்தில் இதை எழுதிச் சுருக்கொப்பம் போட்டால் மனு முடிந்தது.

எழுதியதில் பொய் இல்லை. மழை கொட்டுகிற நாளில் மனு கொடுப்பார்கள். அது தபால் பிரிவில் எண் வாங்கி, மேசை மேசையாக நகர்ந்து என்னிடம் வர நாலைந்து நாளாகும். நான் வண்டியை எடுத்துக்கொண்டு போய் நின்றால் தெரு காய்ந்து கிடக்கும். வீட்டுச் சுவர்களில் சேற்றுக் கோடு மட்டும் இருக்கும். சேற்றுக் கோட்டை எழுதப் பதிவேட்டில் கட்டம் கிடையாது.

இதே பதிலை இரண்டு முறை வாங்கிய ஒரு அம்மா மூன்றாவது முறை நேரிலேயே வந்துவிட்டார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். திட்டு வாங்கத் தயாராக நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவரோ பையிலிருந்து ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

"தம்பி, நீங்க வெயில்லதான் வருவீங்கன்னு தெரிஞ்சுபோச்சு. அதான் எழுதிவெச்சுக் கொண்டாந்தேன்."

பதினோரு மழை அந்த நோட்டில் இருந்தது. தேதி, மழை பிடித்த நேரம், விட்ட நேரம், தண்ணீர் எந்தப் படிவரை ஏறியது, எப்போது வடிந்தது. சுற்றுச்சுவரில் ஆணியால் கோடு கிழித்து அளவு குறித்திருந்தார், அதையும் செல்போனில் படம் எடுத்திருந்தார். கடைசிக் கட்டத்துக்கு 'மற்றவை' என்று தலைப்பு. விஷயமே அதில்தான் இருந்தது. 'மழை விட்ட பிறகும் அரை மணி நேரம் ஏறியது.' 'முதலில் வடிகால் மூடி வழியாகப் பொங்கியது, தெருத் தண்ணீர் பிறகுதான் வந்தது.' 'சின்னத் தூறல்தான், ஆனாலும் ஆறு மணி நேரம் நின்றது.'

அதுவரை அந்தத் தெருவுக்கு என்னிடம் இருந்தது ஒரே மருந்து, வடிகாலை அகலப்படுத்துவது. அப்படி நினைக்கக் காரணமும் இருந்தது. எவ்வளவு பரப்பில் மழை விழுகிறது, என்ன வேகத்தில் விழுகிறது, விழுந்ததில் எத்தனை பங்கு மண்ணில் இறங்காமல் ஓடி வருகிறது, இந்த மூன்றையும் பெருக்கினால் வடிகால் எவ்வளவு தாங்க வேண்டும் என்று தெரிந்துவிடும். அயர்லாந்துப் பொறியாளர் மல்வேனி 1851-இல் சொன்ன வழி இது. சின்னத் தெருக்களுக்கு இன்றும் அதைத்தான் போடுகிறோம். மூன்றாவது எண்தான் ஆளைக் கவிழ்ப்பது. புல் முளைத்த தரையில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு ஓடி வந்தால், கான்கிரீட்டிலும் கூரையிலும் எட்டு ஒன்பது பங்கு வரும். காலி மனைகளில் வீடு எழும்பினால் போதும், யாரும் தொடாமலே வடிகால் சிறுத்துவிடும். 100 சதுர மீட்டர் மொட்டை மாடியில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 5,000 லிட்டர். அந்தத் தெருவில் நாற்பது வீடுகள், மாடிக் குழாய்கள் எல்லாமே தெருவைப் பார்த்துத்தான் இருந்தன. எல்லாம் அந்த அளவு மாடி என்று வைத்தால் 2 லட்சம் லிட்டர். இந்தக் கணக்கோடு மதிப்பீடு தயார் செய்தேன். தொகை பெரியது, நிதி இல்லை, கோப்பு தூங்கியது. எனக்கும் நிம்மதிதான், என் கடமையைச் செய்துவிட்டேனே!

நோட்டு சொன்னது வேறு. தூறலுக்கும் ஆறு மணி நேரம் தண்ணீர் நிற்கிறது என்றால் வடிகாலின் அகலத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. மழை விட்ட பிறகும் ஏறுகிறது என்றால் மேட்டிலிருந்து வரும் தண்ணீர் பள்ளத்தில் போக வழியின்றித் திரும்புகிறது. என் திட்டப்படி அகலப்படுத்தியிருந்தால் அந்த அம்மா வாசலில் பெரிய தொட்டி ஒன்று கட்டிக் கொடுத்திருப்போம்.

மறுநாள் இரண்டு பணியாளர்களோடும், மேடு பள்ளம் பார்க்கும் டியூப் லெவலோடும் போனேன். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே திரும்பத் திரும்பப் போட்டதில் ரோடு வாசற்படிகளைவிட ஒரு சாண் உயர்ந்திருந்தது. இது எங்கள் அலுவலகத்தின் கைங்கரியம். வீட்டுக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. வண்டி ஏற்றுவதற்காக வாசலுக்கு வாசல் சிமெண்ட் சாய்தளம் போட்டு, தண்ணீர் இறங்கும் துளைகளை மூடியிருந்தார்கள். (பிற்பாடு அவற்றை இடிக்கப் போனபோது எங்களோடு மல்லுக்கு நின்றவர்களில் பாதிப் பேர் மனுவில் கையெழுத்துப் போட்டவர்கள்.) மூடி மூடியாகத் திறந்துகொண்டே போனோம். வடிகால் பிரதான சாலையைக் கடக்கும் இடத்துக்கு முந்தைய மூடியில் விடை கிடைத்தது. வடிகாலின் நடு வயிற்றைக் குத்திக்கொண்டு குறுக்கே ஒரு குடிநீர்க் குழாய் போயிருந்தது. அதில் பிளாஸ்டிக் பைகள், கந்தல் துணி, ஒரு தலையணை.

கண்டுபிடித்தது பாதி வேலைதான். வடிகால் எங்களுடையது, குழாய் வேறு துறை, சாலை மூன்றாவது துறை. நான் எழுதிய கடிதத்துக்குக் குழாய்க்காரர்கள் 'சாலையைத் தோண்ட அனுமதி வேண்டும்' என்றார்கள். சாலைக்காரர்கள் 'குழாய்த் துறை முறைப்படி கேட்கட்டும்' என்றார்கள். இரண்டு மாதம் இப்படியே போனது.

அப்புறம் அந்த அம்மாவிடம், மேசையின் இந்தப் பக்கம் இருப்பவன் சொல்லக்கூடாத சிலவற்றைச் சொன்னேன். மனுவை மூன்று துறைக்கும் ஒரே தாளில் எழுதுங்கள், யார் யாருக்குப் போகிறது என்பது எல்லோருக்கும் தெரியட்டும். மனுவில் மற்ற எதைப் படிக்காவிட்டாலும் 'நகல்' என்று கீழே இருக்கும் பட்டியலை அதிகாரி படிப்பார். 'கூட்டு ஆய்வு வேண்டும்' என்று கேளுங்கள், ஒரே நாளில் மூவரும் ஒரே குழிக்குள் எட்டிப் பார்த்தால் பழி போட ஆள் கிடைக்காது. முக்கியமாக, 'தண்ணீர் தேங்குகிறது' என்று எழுதாதீர்கள். அப்படி எழுதினால் மோட்டார் வரும். மோட்டார் இறைத்த தண்ணீர் அடுத்த தெருவுக்குப் போகும், அடுத்த வாரம் அந்தத் தெரு மனு என் மேசைக்கு வரும். எந்த மூடிக்கும் எந்த மூடிக்கும் நடுவே தண்ணீர் போகவில்லை என்று எழுதுங்கள். கொடுப்பதையும் மழை முடிந்த பிறகு கொடுங்கள். மழை நாளில் எங்களுக்குத் தெரிவது மோட்டார் மட்டும்தான். எது எந்த வருட வேலையில் சேரும் என்பதை வெயில் காலத்தில்தான் உட்கார்ந்து முடிவு செய்வோம்.

நோட்டின் நகலை இணைத்து, அப்படியே எழுதிக் கொடுத்தார். கூட்டு ஆய்வு நடந்தது. குழாயை வடிகாலுக்கு அடியில் இறக்கினார்கள். தூர் வாரினோம், துளைகளைத் திறந்தோம். ரோட்டின் உயரம் மட்டும் அப்படியே இருக்கிறது, அதற்கு இன்னும் நிதி வரவில்லை.

அடுத்த பெரிய மழையன்று, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முதல் முறையாக, மழையிலேயே ஆய்வுக்குப் போனேன். குடை பெயருக்குத்தான். தண்ணீர் முதல் படியைத் தொட்டு நின்றது. அந்த அம்மா வாசலில் நோட்டோடு நின்றிருந்தார்.

"எம்மா நேரத்துல வடியுதுன்னு பாத்துட்டுப் போங்க தம்பி."

நின்றேன். மழை விட்ட பிறகு ஐம்பது நிமிடம் ஆனது. அவர் நோட்டில் குறித்துக்கொண்டார். நான் அலுவலகம் வந்து, ஈரக் கையோடு பதிவேட்டில் எழுதினேன்: 'ஆய்வின்போது நீர் தேங்கியிருந்தது. 50 நிமிடத்தில் வடிந்தது.'

பதிவேட்டை வாங்கிய எழுத்தர் ஒரு முறைக்கு இரண்டு முறை படித்தார்.

"சார், ஒரு வார்த்தை மாறி விழுந்திருக்கு பாருங்க. திருத்திடட்டுமா?"