ஆத்தா கேட்டதும் நான் சொன்னதும்

டாட்டூ போடறவனுக்குக் கைவேலைய விட வாய்வேலைதான் ஜாஸ்தி. பாதிப் பேரு வலிக்குமான்னு கேப்பாங்க, மீதிப் பேரு பின்னாடி அழிக்க முடியுமான்னு கேப்பாங்க, ரெண்டுக்கும் பதில் மனப்பாடமா இருக்கு. அன்னிக்கு அந்த ஆத்தா கேட்டதும் இதே கேள்விதான். ஆனா நான் சொன்ன பதில் வேற, ஏன் அப்படிச் சொன்னேன்னு இன்னமும் யோசிச்சுட்டு இருக்கேன்.

டாட்டூ பேத்திக்கு. கோயமுத்தூர்ல ஐடி வேலை, ஊரு கொடுமுடிப் பக்கம். ஆத்தா முன்னங்கையில இருக்கற பச்சைய அதே எடத்துல தனக்கும் போடணும்னு வந்துச்சு. இப்ப ஈரோட்டுல இது கொஞ்சம் ஓடுது, முன்ன சிங்கம், ரெக்கை, இங்கிலீஷ்ல பேருன்னு கேட்டவங்க இப்ப பாட்டி கைக் கோலம் கேக்கறாங்க. நல்லதுதான்னு நெனைக்கறவன் நான். போட்டோ போதும்னேன், அது ஆத்தாவையே கூட்டிட்டு வந்துருச்சு.

புள்ளி வெச்சு வளைச்ச சிக்குக் கோலம், கீழ ஒரு தேளு. அறுபது எழுபது வருசத்துக் கோடு, தடிச்சுப் போயி ஒண்ணோட ஒண்ணு சேந்து கெடக்குது. குத்துனது கறுப்புக் கரிதான், தோலுக்கு அடியில போனதுக்கப்பறம் வெளிச்சம் செதறிப் பச்சையும் நீலமுமாத் தெரியும். மேல்தோல் உதிர்ந்துட்டே இருக்கும், மசி அதுக்கும் கீழ் அடுக்குல இருக்கறதால போறதில்ல. அங்க இருக்கற செல்லு மசிய முழுங்கி வெச்சுக்குது, அந்த செல்லு செத்தா அடுத்து வர்ற செல்லு அதையே எடுத்து முழுங்கிக்குதுன்னு 2018ல பிரான்ஸ்ல எலிய வெச்சுக் கண்டுபிடிச்சாங்க. போகாது, ஆனா போட்ட எடத்துல போட்டபடியும் நிக்காது.

அந்தப் பொண்ணுக்கு அந்தப் பரவுன கோடே வேணுமாம், "ஆத்தா கையில எப்படி இருக்கோ அப்படியேண்ணா"ங்குது. இப்பவே பரவுன மாதிரி போட்டா இருபது வருசத்துல வெறும் கறையாயிரும், அதனால கோட்ட நேராக்கித் தர்றேன்னு சொல்லி ஒத்துக்க வெச்சேன். இதுல எனக்கு எந்தச் சந்தேகமும் இல்ல, தொழில் தெரிஞ்ச யாரும் இதத்தான் சொல்லுவாங்க.

ஸ்டென்சில், அதான் ஊசி வெக்கறதுக்கு முன்ன தோல்ல ஒட்டற டிசைன் அச்சு, காயற வரைக்கும் வழக்கமா ஒரு கதை சொல்லுவேன். ஆல்ப்ஸ் மலைப் பனியில கெடைச்ச ஏட்சிங்கற ஆளு, 5,300 வருசத்துக்கு முன்னால செத்தவன், ஒடம்புல 61 பச்சை, அதுவும் கரிதான். அப்பறம் எடிசன் 1876ல நகல் எடுக்கறதுக்குன்னு பேட்டண்ட் வாங்குன எலக்ட்ரிக் பேனா, அந்த வழியிலயே 1891ல நியூயார்க்ல சாமுவேல் ஓரைலின்னு ஒருத்தர் டாட்டூ மிஷினுக்கு வாங்குன பேட்டண்ட். கஸ்டமர் பயத்த மறந்துருவாங்க. அந்தப் பொண்ணும் ஆர்வமாக் கேட்டுச்சு. அந்த ஜோர்ல ஆத்தாவையும் இழுத்து, "உங்களுக்கு யாருங்க ஆத்தா குத்துனாங்க?"ன்னேன்.

"குறத்திதான். பத்து வயசு கூட ஆகலீங். களத்துல வெளையாடிட்டு இருந்தவள எங்கம்மா இழுத்துட்டுப் போயி மடியில அமுக்கிட்டா, எங்கத்தை கையப் புடிச்சுட்டா. அவ பாட்டுப் பாடிட்டே குத்தறா. அழுதா நல்ல எடத்துக்கு வாக்கப்பட மாட்டேன்னாங்க, அதுக்கும் சேத்து அழுதேன். ஒரு வள்ளம் கம்பு குடுத்தாங்க. அதே ஊசியில பங்காளி ஊட்டுப் புள்ளைங்களுக்கும் குத்துனா."

பொண்ணு சிரிச்சுது. நானும் சிரிச்சேன். அப்பத்தான் ஆத்தா மிஷினப் பாத்துட்டு, "ஏனுங் தம்பி, இதுல எடுக்கவும் முடியுமுங்களா?"ன்னாங்க.

"எதைங்க ஆத்தா?"

"இதையத்தானுங்"ன்னு கைய நீட்டுனாங்க.

"சும்மா இரு ஆத்தா, அதப் பாத்துத்தான நான் போடவே வந்திருக்கேன்" - இது பேத்தி.

நான் சொன்னது: "இருக்கட்டும்ங்க ஆத்தா, நெம்ப அழகா இருக்குதுங்க. இந்த வயசுல எதுக்குங்க?"

"அதுஞ் செரிதானுங்"ன்னுட்டாங்க. வேலை ஆரம்பிச்சுட்டேன்.

இவ்வளவுதான் நடந்தது. வேற யாராச்சும் கேட்டா இதுல என்னடா இருக்குன்னுதான் சொல்லுவாங்க. ஆனா ஒரு காலேஜ் பையன் பழைய காதலி பேரோட வந்து இதையே கேட்டா, நான் அழகா இருக்குன்னா சொல்லுவேன்? லேசர்ல எடுக்கலாம், தோல் டாக்டரப் பாரு, ஒவ்வொரு தடவைக்கும் நடுவுல சில வாரம் விடணும், சுத்தமாப் போகும்னு உறுதி கெடையாது, இத்தனையும் சொல்லித்தான் அனுப்புவேன். கறுப்பு மசிதான் லேசருக்குச் சீக்கிரம் ஒடையும், அதுலயும் நாட்டு ஊசியில குத்துன கரி எங்க மிஷின் மசிய விடச் சுளுவாப் போகும், மசி கம்மியா எறங்கியிருக்கும் பாருங்க. இது தெரிஞ்ச ஆளுதான் நான். அப்பறம் "எதுக்குங்க"ன்னு எங்கிருந்து வந்துச்சு?

வயசான தோலு காயிதமாட்டம் இருக்கும், சக்கரை இருந்தாப் புண்ணு ஆறாது, ஈரோட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் யாரு கூட்டிட்டு அலையறது, இதெல்லாம் நெசம்தான். ஆனா அந்த நிமிசத்துல இதுல ஒண்ணையும் நான் நெனைக்கல. நெனைச்சது என்னன்னா, இந்தப் பேச்சு வளந்தா இந்தப் பொண்ணு மனசு மாறிருமோன்னுதான். இல்ல, அதுவும் இப்ப நானா சேத்துக்கறதோ என்னமோ. அட்வான்ஸ் வாங்கியாச்சு, ஸ்டென்சில் ஒட்டியாச்சு, அந்தப் பொண்ணு எந்திரிச்சுப் போயிருக்காது.

ஆத்தா வெளையாட்டுக்குக் கேட்டிருக்கலாம். செத்தா நகையெல்லாம் கழட்டிக்குவாங்க, பச்சைதான் கூட வரும்னு பெருமையாச் சொல்ற பாட்டிகளையும் பாத்திருக்கேன், நெறையப் பேரு அப்படித்தான். அதனாலயே எல்லாருக்கும் அது பெருமைன்னு நானே முடிவு பண்ணி வெச்சிருந்தேன் போல. பதினெட்டு வயசு ஆகாத புள்ளைங்கள கடைக்குள்ளயே விடமாட்டேன், ஆதார் பாத்து, கையெழுத்து வாங்கி, நடுவுல வேண்டாம்னா சொல்லுங்க நிறுத்திடறேன்னு சொல்லித்தான் ஊசிய வெப்பேன். அன்னிக்கும் பேத்திகிட்ட இதெல்லாம் வாங்குனேன்.

குத்துன குறத்தியையும் குறை சொல்ல மாட்டேன், வயித்துக்குச் செஞ்ச வேலை. ஊரு ஊரா நடந்து, அந்தக் கோலத்தையெல்லாம் அச்சும் இல்லாம ஸ்டென்சிலும் இல்லாம மனசுலயே வெச்சிருந்தவங்க. என் தொழிலுக்கு முன்னோடின்னா ஓரைலி இல்ல, அவங்கதான், ஆனா கஸ்டமர்கிட்டச் சொல்றப்ப ஓரைலிதான் வாயில வருது.

கடையில கூட இருக்கற பையன்கிட்ட இதச் சொன்னேன். "அண்ணா, நீங்க லேசர் பத்திச் சொல்லியிருந்தாலும் ஆத்தா போயிருக்க மாட்டாங்கண்ணா"ன்னான். போறதும் போகாததும் அவங்க இஷ்டம்டா, நான் வழியச் சொல்லியிருக்கணுமில்லன்னேன். அப்பறம் நானே, அந்த வயசுக்காரங்ககிட்ட ஆசையக் கெளப்பி விட்டு என்ன பண்றதுன்னும் சொன்னேன். ரெண்டுக்கும் அவன் தலைய ஆட்டுனான்.

பொண்ணுக்குப் புண்ணு நல்லா ஆறி, கோடு சுத்தமா நிக்குது, போட்டோ அனுப்புச்சு. அதப் பாத்துட்டு அதே கோலம் வேணும்னு இன்னும் ரெண்டு மூணு பேரு வந்தாங்க. போட்டுட்டேன். டிசைன் ஃபைல்ல முன்பக்கத்துலயே வெச்சிருக்கேன், எடுத்துரலாமான்னு ஒருக்கா யோசிச்சேன், ஆனா கேக்கறவங்க இருக்காங்க, கடை வாடகையும் இருக்குதுங்களே.