எத்தனை பேரைக் கேட்கணும் சார்?

நமக்கு வணிகவியல் சொல்லிக் கொடுத்த சார் இறந்த செய்தி வந்த அன்றே, பழைய மாணவர் சங்க மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டுவிட்டார்கள். சிங்கப்பூரில் இருக்கும் நம்மவர்களில் சந்தை ஆய்வையே பிழைப்பாக வைத்திருப்பவன் நான். அந்தப் பிழைப்பு அவர் போட்டுக் கொடுத்தது. வணிகவியல் மூன்றாம் ஆண்டின் வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பையும், அப்புறம் வீடு வீடாகக் கேட்டு எழுதப் போன தெருச் சுற்றலையும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

“எத்தனை பேரைக் கேட்கணும் சார்?” என்று எந்த வருஷத்துப் பையனும் முதல் நாளே கேட்பான். “கேட்டுட்டு என்னப்பா செய்யப் போறே? அதை முதல்ல சொல்லு” என்பார். பெரிய தெருவில் காபித்தூள் கடை வைத்திருப்பவர் சின்னப் பொட்டலம் போடலாமா என்று யோசிக்கிறார். பாதி வீடுகள் வாங்கும் என்று கணக்கு வந்தால், அது நிஜத்தில் 45 சதவீதமாக இருந்தாலும் 55 ஆக இருந்தாலும் அவர் பொட்டலம் போடத்தான் போகிறார். அப்படியானால் ஐந்து சதவீதப் பிழை தாங்கும். அதற்குப் பிறகுதான் சாக்பீஸை எடுப்பார். 95 சதவீத நம்பகத்துக்கு, அதாவது நூறு தடவை ஆய்வு செய்தால் சுமார் 95 தடவை விடை அந்தப் பிழைக்குள் அடங்க, புள்ளியியல் தரும் எண் 1.96. அதன் வர்க்கத்தை 0.5 ஆலும் மறுபடி 0.5 ஆலும் பெருக்கி, 0.05 இன் வர்க்கத்தால் வகுத்தால் 384 பேர். விகிதம் தெரியாதபோது பாதிக்குப் பாதி என்று வைத்துக்கொள்வது ஏன் என்பதற்கும் அவரிடம் காரணம் இருந்தது: அங்கேதான் தேவைப்படும் எண்ணிக்கை உச்சம். அதற்கு மேல் எந்த விகிதமும் கேட்காது.

சூத்திரம் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. அதை எங்கே நம்பக் கூடாது என்பதைச் சொல்லிக் கொடுத்ததில்தான் அவர் வேறு ஆள். பத்து வீட்டில் ஒரு வீடு மட்டும் வாங்கும் சரக்கென்றால் அதே சூத்திரம் 138 போதும் என்று சொல்லும். “சந்தோஷப்படாதே. ஐந்து பிழை விட்டா அஞ்சு சதவீதமா பதினஞ்சு சதவீதமான்னே தெரியாது. மூணு மடங்கு வித்தியாசம். கடைக்காரன் எதை நம்பி முதல் போடுவான்?” இன்று வாடிக்கையாளர்களிடம் நான் அடிக்கடி சொல்லும் பேச்சு இதுதான்.

ஊர் பெரிசானால் மாதிரியும், அதாவது நாம் கேட்கத் தேர்ந்தெடுக்கும் கூட்டமும், பெரிசாக வேண்டாமா என்பது எல்லோருக்கும் வரும் சந்தேகம். அதற்காக எங்களை நெல் கொள்முதல் நிலையத்துக்குக் கூட்டிப் போனார். சம்பா அறுவடை நேரம், வாசல் வரை அடுக்கிய மூட்டைகள். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பார்க்கக் குத்தூசியை மூட்டையில் சொருகி இழுத்தார்கள். உள்ளங்கையில் கொட்டிய அந்த நெல்லைக் காட்டி, “நூறு மூட்டையானாலும் பத்தாயிரம் மூட்டையானாலும் குத்துற எண்ணிக்கை அதே விகிதத்துல ஏறணும்னு இல்லை. எந்த மூட்டையைக் குத்துறான்னு பாரு. எட்டுற மேல் மூட்டையை மட்டும் குத்தினா, அடி மூட்டையோட ஈரம் தெரியாது” என்றார். கும்பகோணத்துக்கும் 384தான், சென்னைக்கும் 384தான். 300 வீடு உள்ள கிராமமென்றால் சின்ன ஊருக்கான திருத்தம் போட்டு 169. புள்ளியியல் மேதை மஹாலனோபிஸ் வங்காளத்தில் சணல் பயிரை மதிப்பிட, முதலில் சின்ன முன்னோட்டம் நடத்தி, இடத்துக்கு இடம் கணக்கு எவ்வளவு மாறுகிறது என்ற சிதறலைப் பார்த்தாரே, அதைச் சொல்லும்போது சார் குரலில் பெருமை தெரியும்.

தெருவில் இறங்கினால் இன்னும் கறார். யாராவது ஒருவர் பையிலிருந்து பத்து ரூபாய் நோட்டை வாங்கி, அதன் வரிசை எண்ணில் ஒன்றிலிருந்து ஆறுக்குள் வரும் முதல் இலக்கத்தைப் படிப்பார். நான்கு என்றால் நான்காவது வீட்டில் தொடக்கம், அங்கிருந்து ஆறு வீட்டுக்கு ஒன்று. பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டைத் தட்டக் கூடாது, மாலையில் திரும்ப வர வேண்டும். நடவு நாளில் காலைப் பத்து மணிக்கு வீட்டில் இருப்பவர்கள் வயதானவர்கள்தான். அவர்களை மட்டும் கேட்டு எழுதினால், கூலி வாங்கிச் செலவு செய்கிற பெண் ஒருத்திகூடக் கணக்கில் வரமாட்டாள். ஐந்தில் ஒருவர் பதில் சொல்லமாட்டார் என்று வைத்து, 384 வேண்டுமென்றால் 480 வீட்டைப் பட்டியலில் எடுக்கச் சொல்வார். தாராசுரம் நெசவாளர் தெருவில் எல்லா வீடும் ஒரே கடையில் கடன் வைத்து வாங்கினால், அங்கே இருபது வீட்டைக் கேட்பது இருபது பேரைக் கேட்டதாகாது. அப்படித் தெருத்தெருவாக எடுத்தால் எண்ணிக்கையை இரண்டு மடங்காக்கு என்பார்.

நம் கல்லூரிக் கருத்தரங்கு ஒன்றில் அவர் பட்ட அவமானத்தை முன்வரிசையில் இருந்த நாங்கள் மறந்திருக்கமாட்டோம். வெளியூரிலிருந்து வந்த சிறப்பு விருந்தினர் ஒருவர் எங்கள் ஆய்வறிக்கையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மேடையிலேயே “வெறும் 384 பேரா? இதெல்லாம் பசங்க விளையாட்டு” என்று சிரித்தார். மேடையில் இருந்தவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். சார் எழுந்து, பிழையை ஐந்திலிருந்து இரண்டரையாகக் குறைத்தால் 1,537 பேரைக் கேட்க வேண்டும், செலவு நான்கு மடங்கு, ஆனால் கடைக்காரரின் முடிவு மாறாது என்று பொறுமையாகச் சொல்லத் தொடங்கினார். பாதியிலேயே அடுத்த பேச்சாளரை அழைத்துவிட்டார்கள். அவர் உட்கார்ந்தார். கையிலிருந்த தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். திங்கட்கிழமை வகுப்பில் விட்ட இடத்திலிருந்து அந்தக் கணக்கை முழுதாகப் போட்டு முடித்தார். விருந்தினரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது எனக்கு அவருடைய அன்றைய வயதுக்கு மேல் ஆகிறது, இன்னும் அந்தச் சிரிப்பு எனக்கு ஆறவில்லை.

நான் சிங்கப்பூர் வந்த பிறகு அவர் எழுதிய கடிதங்களில் ஒரு வேண்டுகோள் திரும்பத் திரும்ப இருக்கும். “சென்னை, கோவை, மதுரையை எல்லோரும் கேட்கிறார்கள். குறுவை கருகிய வருஷம் நம் கூலி வீடுகள் எதை வாங்குவதை நிறுத்தின என்று யாரும் கேட்பதில்லை. நீ ஒரு மூன்று மாதம் வந்தால் செய்துவிடலாம்.” அடுத்த வருஷம் வருகிறேன் சார் என்று எழுதினேன். வேலை, வீட்டுக் கடன், பிள்ளைகள் படிப்பு. அந்த மூன்று மாதம் கடைசிவரை அமையவில்லை. உலகத்தில் எத்தனையோ ஊர்களின் சோப்பும் ஷாம்பும் எனக்கு அத்துப்படி. வலங்கைமானில் ஒரு வீட்டு மளிகைக் கணக்கு எனக்குத் தெரியாது. அவரிடம் இருந்த தெருப்பட்டியல்கள் என்ன ஆயின என்று அவர் மகளிடம் இப்போதுதான் விசாரித்திருக்கிறேன்.

சங்கம் அவர் பெயரில் தங்கப் பதக்கம் வைக்க யோசிப்பதாக அறிந்தேன். என் பங்கைத் தருகிறேன், ஆனால் பதக்கம் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பணத்தை வருஷத்துக்கு ஒரு மாணவர் குழுவுக்குக் களப்பணிக்காகக் கொடுப்போம். வீட்டுப் பட்டியல் எடுக்க, மதியச் சாப்பாட்டுக்கு, முக்கியமாகப் பூட்டிய வீட்டுக்கு இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் போய்வரும் பஸ் காசுக்கு. முதல் ஆய்வைக் காவிரி டெல்டாவின் விவசாயக் கூலி வீடுகளில் வைத்துக்கொள்ளலாம். மாதிரிக் கணக்கை நானே போட்டுத் தருகிறேன், களத்துக்கும் வருகிறேன். செயற்குழு சம்மதித்தால் வரும் சம்பா நடவுக்கு முன்பே தொடங்கிவிடலாம்.